தேனீ விரட்டப் போன அரண்மனை

அந்த அரண்மனைக்கு நான் முதலில் போனது தேனீ விரட்டத்தான். கடைசியாகப் போனது பொன்னாடை வாங்க. நடுவில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவன் நான். ஆனால் ஒரு முறைகூட அங்கே தீயை அணைக்கப் போனதில்லை.

ஓய்வு பெற்றவன் கையில் கிடைத்தால் இளைய அலுவலர்கள் கேட்பது ஒன்றுதான். "சார், ஒங்க சர்வீஸ்லயே பெரிய ஃபயர் எது?" ஏதாவது ஒரு ஜவுளிக்கடைத் தீயைச் சொன்னால் திருப்தியாகப் போய்விடுவார்கள். ஆனால் அந்த அரண்மனையின் முகப்புக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, படங்கள் எல்லோருடைய செல்போனிலும் சுற்ற ஆரம்பித்த பிறகு கேள்வி மாறிவிட்டது. "சார், நீங்க அங்க ஒரு ரெஸ்க்யூ பண்ணீங்களாமே?" என்கிறார்கள். ஆமாம், பண்ணினோம். யாரிடமிருந்து காப்பாற்றினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அறந்தாங்கிக்காரன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் துபாய், சவூதி என்று விமானம் ஏறினார்கள். அத்தா, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், எனக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் தீயணைப்புத் துறையில் ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன். "நெருப்புல குதிக்கிறதுக்கு பாலைவனமே தேவலையேடா" என்று அத்தா வருத்தப்பட்டார். பயிற்சியில் ஓடவிட்டார்கள், ஏணி ஏற்றினார்கள், கயிற்றில் தொங்கவிட்டார்கள். இன்றைக்கும் நினைவில் நிற்பது ஒரே பாடம்தான்: எரிகிற கட்டடத்துக்குள் நுழையும்போது தீயைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைப் பார். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டே நிலைய அலுவலர் வரை வந்து சேர்ந்தேன்.

அரண்மனை குளத்தூர் பக்கம் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். ராஜ குடும்பத்தின் ஒரு கிளை கட்டியது. ராஜ்ஜியம் போன பிறகு அரசாங்க அலுவலகம் வந்தது. அது போய் மாணவர் விடுதி வந்தது. விடுதிக்கும் புதுக் கட்டடம் கட்டியபின் உடைந்த இரும்புக் கட்டில்கள் மட்டும் மிஞ்சின. வாரிசுகள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டிருந்தார்கள். வழக்கு முடியாததால் கட்டடத்தைப் பராமரிக்க வேண்டிய அரசாங்கத் துறை கை வைக்காது. துறை கை வைக்காததால் வாரிசுகள் அறிக்கை விடுவார்கள். எதையும் செய்யாமல் இருக்கும் விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் அபார ஒற்றுமை. மொட்டை மாடியில் அரசங்கன்று முளைத்து மரமாகிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கும் குழாய்களை அதன் வேர் அடைத்துவிட்டதால், மாடி குளம் மாதிரி நிற்கும்.

பெரிய மனிதர்கள் யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் முதல் நாள் எங்கள் நிலையத்துக்குப் போன் வரும். முகப்பு வளைவில் தேன்கூடு, வந்து எடுங்கள். அந்தக் கட்டடத்தில் ஒழுங்காகக் குடியிருந்தவை தேனீக்கள் மட்டும்தான். காலி செய்யச் சொன்னதும் அவற்றைத்தான். ஆள் நடமாட்டத்தை நிறுத்துவோம். பொழுது சாய்ந்து கூடு அடங்கும்வரை காத்திருப்போம். ஈர வைக்கோலும் வேப்பிலையும் போட்டுப் புகை காட்டுவோம். அடிக்கக் கூடாது, தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. பொறுமையாகப் புகை மட்டும். தேனீ போய்விடும். மறுநாள் பெரிய மனிதர் வருவார், அண்ணாந்து பார்ப்பார், "என்ன ஒரு கலைநயம்!" என்பார், மாலையோடு படம் எடுத்துக்கொள்வார், இளநீர் குடித்துவிட்டுப் போவார். ஒருவர் அருங்காட்சியகம் ஆக்கலாம் என்றார். அடுத்தவருக்கு அது ஓட்டலாகத் தெரிந்தது. யாருக்குமே அது ஒழுகுகிற கட்டடமாகத் தெரியவில்லை. சில வாரங்களில் தேனீக்கள் அதே வளைவுக்குத் திரும்பிவிடும். பெரிய மனிதர்கள் திரும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போது எங்கள் மாவட்ட அலுவலர் ஞானப்பிரகாசம். டி.ஓ. சார் என்போம். ஒல்லியான மனிதர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். நடு அறையில் நடக்க மாட்டார். சுவரை ஒட்டியே நடப்பார், உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே. உத்திரத்துக்குக் கீழே வந்ததும் நின்று, கண்ணை இடுக்கி, அது இந்தச் சுவரில் ஏறும் இடத்தையும் அந்தச் சுவரில் இறங்கும் இடத்தையும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வணக்கம் சொன்னவர்களுக்குப் பதில் வணக்கம். மடத்தனமாக யாராவது பேசினால், "அப்படிங்களா" என்பார். அவ்வளவுதான். அந்த "அப்படிங்களா"வுக்கு எங்கள் மாவட்டத்தில் பல அர்த்தங்கள் உண்டு. அதில் ஒன்றும் நல்ல அர்த்தம் கிடையாது.

அரண்மனையின் பின்கட்டில், அந்தக் காலத்தில் ராஜ குடும்பத்துப் பெண்கள் இருந்த நீளமான கூடத்தில்தான் விடுதிக் கட்டில்களை அடுக்கியிருந்தார்கள். அந்தக் கூரை பழைய மாதிரி: பெரிய தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகள், கட்டைகளின் மேல் செங்குத்தாகச் செங்கல், எல்லாவற்றுக்கும் மேலே சுண்ணாம்பு. தண்ணீர் இறங்கி இறங்கி ஓர் உத்திரம் விரிசல் விட்டுவிட்டது. கட்டடத்துக்குப் பொறுப்பான துறையின் உதவிப் பொறியாளர் கயல்விழி என்ற இளம்பெண் அதைக் கவனித்தார். பழுது பார்க்க அனுமதி கேட்டுப் பார்த்தார், வரவில்லை. ஆள் பிடித்து வந்து, நல்ல வைரம் பாய்ந்த பனைமரத் துண்டு ஒன்றை உத்திரத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டார்.

தேன்கூட்டுக்காக நாங்கள் போயிருந்தபோது டி.ஓ. சாரைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"சார், இது மருந்து இல்ல, கட்டுதான். மேல வேலை பாக்குற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாதுன்னு ஒங்க ஆளுங்ககிட்டயும் சொல்லி வைங்க சார்."

டி.ஓ. சார் அந்த முட்டுக்கட்டையைத் தட்டிப் பார்த்தார், அடியில் அடித்திருந்த ஆப்பைக் குனிந்து பார்த்தார். "நல்லா நிக்கிதும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது சாதாரணம் இல்லை.

பிறகு ஒருநாள், அரண்மனையை எப்படிப் பாதுகாக்கலாம் என்று பார்க்க வல்லுநர் குழு வருவதாக அறிவித்தார்கள். பாதுகாக்க வருகிறவர்களை வரவேற்கப் பந்தல், வாழைமரம், நாதஸ்வரம், ஒலிபெருக்கி. ஏற்பாட்டைக் கவனித்த அதிகாரியின் பெயர் வேண்டாம். ஏற்பாட்டாளர் என்றே வைத்துக்கொள்வோம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இரண்டு கையிலும் போன். கூட்டம் கூடும் என்பதால் டி.ஓ. சாரையும் எங்களையும் வண்டியோடு முன்வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

பின்கட்டில் அந்த நேரம் நடந்ததைப் பிற்பாடு முத்துலெட்சுமி சொல்லித்தான் அறிந்தேன். அவரும் கணவர் மாரிக்கண்ணுவும் குளத்தூரில் வெள்ளையடிக்கும் வேலை செய்பவர்கள். குழு வருவதற்குள் பின்கூடத்தின் விரிசல்களைப் பூசி மறைத்து வண்ணம் அடித்துவிட வேண்டும் என்று கூட்டி வந்திருந்தார்கள். கட்டடத்தில் என்ன கோளாறு என்று பார்க்க வருகிறவர்களின் கண்ணில் கோளாறு படக்கூடாதாம். காலையில் ஏற்பாட்டாளர் கடைசியாக ஒரு சுற்று வந்திருக்கிறார். முட்டு அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"இந்தப் பனைமரத்த எடுங்கப்பா. போட்டோல அசிங்கமா விழுது."

மாரிக்கண்ணு தயங்கியிருக்கிறார். "சார், அது மேல உள்ள பாரத்தத் தாங்கிக்கிட்டு நிக்கிது சார்."

"இத்தனை வருசமா நின்ன கட்டடம் இன்னிக்கு ஒரு நாள் நிக்காதா? எடுய்யா!"

பந்தல்காரர்கள் இரண்டு பேர் வந்து ஆப்பைத் தட்டி முட்டைச் சாய்த்து வெளியே உருட்டிப் போட்டார்கள். முட்டின் தலை அழுத்தியிருந்த இடத்தில் உத்திரத்தில் கறுப்பாக ஒரு தடம் தெரிந்திருக்கிறது. அதற்கும் வண்ணம் அடிக்கச் சொல்லிவிட்டு ஏற்பாட்டாளர் மாலை வாங்கியாகிவிட்டதா என்று விசாரிக்கப் போய்விட்டார். மாரிக்கண்ணு ஏணியைச் சாத்தினார். முத்துலெட்சுமி தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனார்.

முன்வாசலில் குழுவினருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டினால் வருமே, அப்படி. பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பி மாடிக்கு மேலே எழுந்தது. தவில்காரர் ஒரு கணம் நிறுத்தினார். ஏற்பாட்டாளர் அவரைப் பார்த்துக் கையசைத்து, வாசிக்கச் சொன்னார்.

"ஒண்ணுமில்ல சார், ஏதோ பழைய செவுரு. அங்கிட்டு யாருமே இல்ல. நீங்க வாங்க, டீ சாப்பிடலாம்" என்று குழுவினரைப் பந்தலுக்குள் தள்ளிக்கொண்டு போனார். அதற்குள் நாங்கள் பின்கட்டுக்கு ஓடிவிட்டோம்.

கூடத்தின் கூரையில் பாதி தரையில் கிடந்தது. மீதிப் பாதி எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று தெரியவில்லை. பின்னாலேயே ஏற்பாட்டாளரும் வந்து சேர்ந்தார். "வேலையாளுங்க எல்லாம் சாப்பிடப் போயிட்டாங்க சார். உள்ள ஆளே இல்ல" என்றார்.

தாழ்வாரத்தில் ஒரு தூக்குவாளி மூடியபடி இருந்தது. டி.ஓ. சார் அதைத் திறந்து பார்த்தார். தயிர்சோறு, மேலே ஊறுகாய்.

"அப்படிங்களா? சோத்த இங்க வச்சுட்டு எங்க சாப்பிடப் போனாங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் முத்துலெட்சுமி ஓடி வந்தார். குடம் எங்கேயோ விழுந்து உருண்டது. "அய்யா, எங்க வீட்டுக்காரரு உள்ளதான்யா இருக்காரு! இப்பத்தான்யா ஏணில ஏறுனாரு!"

என் ஆட்கள் கடப்பாரையோடு பாய்ந்தார்கள். டி.ஓ. சார் கையை நீட்டித் தடுத்தார். முதல் வேலை தோண்டுவது இல்லை, கேட்பது. முன்வாசலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினோம். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. டி.ஓ. சார் தாமே நடந்து போய் மேடை ஏறி மைக்கை வாங்கினார். "பின்னாடி ஒரு மனுசர் இடிபாட்டுல கெடக்கார். அவர் சத்தம் எங்களுக்குக் கேக்கணும். யாரும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, மைக்கின் ஒயரைப் பிடுங்கிக் கையோடு எடுத்து வந்துவிட்டார். கூட்டம் வாயடைத்து நின்றது. அந்த அரண்மனையில் நடந்த விழாக்களிலேயே உருப்படியான நிகழ்ச்சி அந்த மௌனம்தான்.

அப்போது கேட்டது. தகரத்தைத் தட்டும் சத்தம். பெயின்ட் டப்பாவாக இருக்க வேண்டும். வலது பக்கம், ஜன்னலுக்கு அருகே.

இளையவர்களுக்காக இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆள் இருக்கும் இடம் தெரிந்ததும் நேராக மேலேறித் தோண்டினால் அவன் மேல் நம் பாரமும் சேரும். தொங்குகிற கூரை நம் மேல் வரும். முதலில் தொங்குவதைத் தாங்க வேண்டும். விடுதிக் கட்டில்கள் அங்கேயே கிடந்தனவே. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கூரை வரை மேடை கட்டினோம். அதற்குள் கயல்விழி ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார். யாரோ போன் செய்திருக்கிறார்கள். வெளியே கிடந்த பனைமரத்தைப் பார்த்தார். "யாரு எடுத்தது?" என்றார். சுற்றி நின்ற அதிகாரிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்துவிட்டது. அவர் மறுபடி கேட்கவில்லை. இரண்டாவது உத்திரத்தைக் காட்டி, "அது இந்தப் பக்கம்தான் சார் எறங்கும், முட்ட இங்க குடுங்க" என்று இடத்தைக் குறித்துக் கொடுத்தார். அசிங்கமாக விழுகிற அதே பனைமரத்தைத் தூக்கி நிறுத்தி ஆப்பு அடித்தோம்.

அதன் பிறகு நான் ஜன்னல் வழியாக நுழைந்து வயிற்றால் ஊர்ந்தேன். செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் கொடுப்பேன். சட்டியில் வாங்கி வரிசையாகக் கைமாற்றி வெளியே கொட்டுவார்கள். சுண்ணாம்புத் தூசி மூக்கிலும் கண்ணிலும் எரிந்தது. ஒரு கை தட்டுப்பட்டது. பிடித்தேன். அதுவும் என்னைப் பிடித்தது.

"யாருங்க?"

"ஃபயர் சர்வீஸ். எம் பேரு சாகுல். பேசிக்கிட்டே இருங்கண்ணே. எங்க வலிக்குது?"

"இடது காலு மேல கட்டை கெடக்கு சார். காலு இருக்கான்னே தெரியல."

ஈரத்துணியை அவர் முகத்தில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே முத்துலெட்சுமியை உட்கார வைத்திருந்தோம். "ஏங்க, நான் இங்கதாங்க இருக்கேன். தூங்கிராதீங்க" என்று அழாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார்: "வெளிய டிஸ்டெம்பர் வாளி தெறந்து கெடக்கு பாரு. மூடி வையி. காஞ்சிரும்." சாவின் வாயில் கிடந்தவருக்கு வாளி மூடும் கவலை இருந்தது. வெளியே நின்றவர்களுக்கு அந்த அளவு கவலைகூட இல்லை.

லாரி ஜாக்கியை உத்திரத்துக்கு அடியில் நுழைத்தோம். டி.ஓ. சார் மண்டியிட்டுத் தாமே கைப்பிடியைப் பிடித்தார். விரல் கனம் ஏற்றுவது, அந்த இடைவெளியில் ஆப்பைச் செருகுவது, நிறுத்துவது, கூரை முனகுகிறதா என்று கேட்பது, மறுபடி விரல் கனம். அவசரமே கிடையாது. அந்த நேரத்தில் ஜன்னலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் சார் ஆகும்? கமிட்டிக்கு ரயிலுக்கு நேரமாச்சு. அவங்க கிளம்புறப்ப நீங்களும் ஒரு போட்டோவுக்கு வந்துட்டா..."

டி.ஓ. சார் திரும்பவே இல்லை. "அப்படிங்களா? உள்ள வாங்க, இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. சட்டுனு முடிச்சிரலாம்."

சட்டை மறைந்துவிட்டது. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழுவில் இருந்த வயதான பேராசிரியர் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கழுத்து மாலையோடு வரிசையில் நின்று சட்டி வாங்கிக் கைமாற்றினார். மற்றவர்கள் டீ குடித்தார்கள். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மாரிக்கண்ணுவை உயிரோடு வெளியே கொண்டுவந்தோம். காலைக் காப்பாற்ற மருத்துவர்களால் முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை நடந்தது. முத்துலெட்சுமி நடந்ததை நடந்தபடி சொன்னார். "முட்ட எடுக்கச் சொல்லி யாராச்சும் எழுத்துமூலமா குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டார்களாம். டி.ஓ. சார் போய் விரிவாகச் சொல்லிவிட்டு வந்தார். என்ன ஆச்சு சார் என்றேன். "மழைதான் காரணம்னாங்க சாகுல். அப்படிங்களான்னுட்டு வந்துட்டேன்" என்றார். மழை பெய்தது வாஸ்தவம்தான். ஆனால் மழையை இடமாற்றம் செய்ய முடியாதே. அதனால் கயல்விழியை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ஏற்பாட்டாளருக்குப் பதவி உயர்வு வந்தது. வல்லுநர் குழு, இன்னொரு வல்லுநர் குழு அமைக்கப் பரிந்துரைத்தது. பின்கட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். கூரை இல்லாத இடத்துக்குப் பூட்டு!

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. பாரம்பரிய தின விழாவாம், அரண்மனையில். பேசிய இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அந்த ரெஸ்க்யூ பத்தி ரெண்டு நிமிசம் பேசுங்க சார். ஆனா கால் போனது, அடிபட்டது அதெல்லாம் வேணாம் சார். பாசிட்டிவா இருக்கட்டும்."

போனேன். முகப்பு மட்டும் மஞ்சளில் பளபளத்தது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசி அதன் மேல் வண்ணம் அடித்திருக்கிறார்கள். அடுத்த மழைக்குள் உப்பிக்கொண்டு நிற்கும். வாசலில் செல்ஃபி எடுக்க இதயம் போட்ட பலகை. வாரிசுகளில் ஒருவர் வாடகைத் தலைப்பாகையோடு மேடையில் இருந்தார். திருச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்த பாரம்பரிய ஆர்வலர்கள் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு கேமராவோடு அலைந்தார்கள். பின்கட்டைப் பார்க்கலாம் என்று அங்கிட்டுப் போனேன். இடிந்த பக்கம் முழுவதையும் மறைத்துப் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் கம்ப்யூட்டரில் வரைந்த அரண்மனை. இடியாத கூரை, நீரூற்று, எந்த நாட்டு மரமோ வரிசையாக, கோட்டுப் போட்ட மனிதர்கள் உலாவுகிறார்கள். ஆர்வலர்கள் அந்தப் பேனரைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. பனைமரத்தில் ஆரம்பித்தேன். சட்டையைச் சொன்னேன், டீயைச் சொன்னேன், காலையும் சொன்னேன். கால் வந்த இடத்தில் மைக் ரிப்பேராகிவிட்டது. தீயணைப்புக்காரனுக்கு மைக் தேவையில்லை, நான் நிறுத்தவில்லை. பனியன் போட்டவர்களில் சில பேர் எழுந்து போய்ப் பேனரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு பேர் ஓடிப்போய் அதை மறுபடி இழுத்துக் கட்டினார்கள். எனக்கு அவசரமாகப் பொன்னாடை போர்த்தி இறக்கிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் குளத்தூரில் இறங்கி மாரிக்கண்ணு வீட்டுக்குப் போனேன். இப்போது அவர் உட்கார்ந்தபடி வண்ணம் கலந்து கொடுக்கிறார். ஏணி ஏறுவது முத்துலெட்சுமி. அன்றைக்கு வேலை முடிந்து வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். விழாவுக்கா போயிட்டு வாரீங்க?" என்றார் மாரிக்கண்ணு. "என்ன கலர் அடிச்சிருக்காங்க?"

"மஞ்சள். முன்னாடி மட்டும்."

"சிமென்ட்டுக்கு மேலயா? நிக்காதே சார். பின்கட்டு?"

"பின்கட்டுக்குப் பேனர். முழுக் கட்டடத்தையும் துணியில படமாப் போட்டு, இடிஞ்சது தெரியாம மறைச்சுக் கட்டிட்டாங்க."

முத்துலெட்சுமி பிரஷை உதறி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"நல்லதுங்க சார்" என்றார். "துணிதானே. விழுந்தா ஆளு சாகாது."